உரையில் நுழைந்த பொருள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளைப் பதினெட்டு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தி வருகிறோம். மருத்துவத்துக்கு அங்கங்கள் நான்கு என்று வள்ளுவர் வகுக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை ஊட்டிப் பேணுபவன். பணத்துக்கு அங்கே இடமில்லை. பரிமேலழகரின் உரைக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இந்நான்கில் ஒவ்வொன்றுக்கும் அவர் நான்கு நான்கு இலக்கணம் கூறுகிறார். நோயாளிக்குரிய நான்கில் முதலாவது, அவன் பொருளுடையவனாய் இருத்தல். மருத்துவன் சொற்படி நடத்தல், நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகிய மூன்றும் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. இது அவருடைய சொந்தக் கற்பனையன்று. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலும் நோயாளியின் இலக்கணம் செல்வத்தில்தான் தொடங்குகிறது. மூலத்தில் இல்லாத பொருள் உரையில் நுழைந்துவிட்டது என்று சிலேடை பேசுவோம்; வகுப்பு சிரிக்கும்; அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவோம்.

அந்தச் சிலேடையை இப்போது நாம் சொல்வதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதும், அதன்வழி மருத்துவச் செலவைப் பற்றிச் சிலவற்றை எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம். பொருளியல் நம் துறையன்று. ஆயினும் மருத்துவமனையின் பணம் கட்டும் சாளரத்தின் முன் நின்ற எவரும் அத்துறையில் ஓரளவு பயிற்சி பெற்றவரே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடியலில் வாசல் தெளித்துவிட்டுத் திரும்பிய எங்கள் தாயார் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். வயது 71. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றி, மாவட்டத் தலைநகரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அது மற்றவற்றினும் கெட்டதன்று என்பதே காரணம். அரசு மருத்துவமனை அதே சாலையில் அரைக் கல் முன்னதாகவே இருந்தது. அதைக் கடந்துதான் சென்றோம். வண்டியை அங்கே திருப்பலாமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் கஞ்சர் என்று பெயரெடுத்திருப்பார்.

பந்துக்கிண்ண மூட்டில் பந்தை மட்டும் மாற்றும் அறுவை சிகிச்சை. முதல் நாள் சொன்ன மதிப்பீடு 1,80,000 ரூபாய். அறுவைக்குப் பின் உடம்பில் உப்புச்சத்து குறைந்து அம்மா நினைவு தடுமாறினார்; இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் கையில் வந்த பில் 14 பக்கம். தொகை 2,87,400 ரூபாய். மருத்துவர் திறமையானவர், செவிலியர் அன்பானவர்கள். அவர்கள்மேல் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் அந்த 14 பக்கங்களை, கல்வெட்டுப் படிப்பதுபோல எழுத்தெண்ணிப் படித்தோம். கையுறைகள் மட்டும் 62 இணை. அறுவை அரங்கக் கட்டணம், மருத்துவர் கட்டணம் எல்லாம் மதிப்பீட்டைவிடக் கூடியிருந்தன. ஏனென்று கேட்டதற்குச் சாளரத்துக்குப் பின்னிருந்த இளைஞர் பொறுமையாகவே விளக்கினார்: “சார், நீங்க ஷேரிங் ரூம்லேர்ந்து தனி ரூமுக்கு மாறிட்டீங்க. ரூம் எந்த கேட்டகிரியோ அதை வெச்சுத்தான் மத்த சார்ஜ் எல்லாம்.”

அதே அரங்கு, அதே கத்தி, அதே கை. ஆனால் நோயாளி படுக்கும் அறைக்குச் சன்னல் கூடுதலாக இருந்தால் அறுவையின் விலையும் கூடும். உலகில் வேறெந்தத் தொழிலில் இப்படி ஒரு விலைமுறை உண்டு என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

மனைவியின் ஏழு பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. தம்பி ஐம்பதாயிரம் அனுப்பினான். பார்க்க வந்த உறவினர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, ஐந்நூறும் ஆயிரமுமாக அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டுப் போனார்கள். அத்தை ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதி வைத்தார். அது நாளை நாம் திருப்பிச் செய்ய வேண்டிய முறை. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் காலை பத்து மணிக்குக் கையெழுத்திட்டார். பணம் முழுதும் சேர்ந்து நாங்கள் வெளியேறியபோது இரவு ஏழு. அதுவரை அம்மா உடை மாற்றிக்கொண்டு சக்கர நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். “எவ்வளவுடா ஆச்சு?” என்றார். “இன்சூரன்ஸ்ல போயிடுச்சும்மா” என்றோம். அவர் மருமகளின் கழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இன்றளவும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பெரியப்பாவின் மகன், விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவர், வயது 63, வண்டியிலிருந்து விழுந்தார். ஏறத்தாழ அதே முறிவு. அவரைக் கொண்டு சென்றவர்கள் அந்தச் சாலையில் நாங்கள் நிற்காமல் கடந்த இடத்தில் நின்றார்கள். முதல் இரண்டு இரவு தரையில் பாய். ஒன்பதாம் நாள் அறுவை. பதினாறாம் நாள் வீடு. அறுவையும் பொருத்திய உலோகமும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் அடங்கின. அண்ணியார் தம் செலவை விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: பேருந்து, சாப்பாடு, தேநீர், வெளியே வாங்கிய இடுப்புப் பட்டை, சக்கர நாற்காலி தள்ளியவருக்கு ஒவ்வொரு முறையும் நூறு, கூட்டுபவருக்கு ஐம்பது. ஆகமொத்தம் 4,800 ரூபாய். இருவரின் கூலி இழப்பு வேறு. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை; நாம் சேர்க்க வேண்டும்.

இன்று அம்மாவும் அண்ணனும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கிறார்கள். இரண்டு நோயாளிகளை வைத்து ஒரு நாட்டின் மருத்துவத்தை எடைபோடக் கூடாது என்பதை அறிவோம். ஒரே தெருவில் இருந்த அந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான தொலைவு எப்படி உண்டானது என்று கேட்பதற்கு மட்டும் அவ்விருவர் போதும்.

கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1963இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையின் தொடக்க நூலாகக் கொள்ளப்படுகிறது. அவர் சொன்னதன் சாரம் எளியது. நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதும் உறுதியில்லை. எது தேவை என்று அறிந்தவர் விற்பவரே. வாங்குபவர் அவர் சொல்லை நம்பியாக வேண்டும். ஆகவே கத்தரிக்காய்ச் சந்தையின் விதிகளை மருத்துவத்துக்குப் பொருத்த முடியாது. கத்தரிக்காய் சொத்தையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். தொடை முறிந்த தாயை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நான்கு மருத்துவமனைகளில் விலை விசாரிப்பவர் எவர்? “தேவையா டாக்டர்?” என்று கேட்கும் துணிவே நமக்கு வருவதில்லை. வந்தாலும், “உங்க இஷ்டம்” என்ற ஒரு சொல்லில் அது அடங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் காப்பீடு மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகிறது. படித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால், “பாலிசி எடுத்தாச்சா?” என்பது நலம் விசாரிப்பாகவே ஆகிவிட்டது. காப்பீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையில் குடை இருப்பது நல்லதே. ஆனால் அதன் துளைகளை அறிந்திருப்பதும் நல்லது. நம் கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் நண்பர் 3 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி வைத்திருந்தார். அதன்படி அறை வாடகை நாளொன்றுக்கு 1 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் வரைதான். மருத்துவமனையில் காலியாக இருந்தது 6,000 ரூபாய் அறை. மிகுதி வாடகையைக் கையிலிருந்து கொடுத்தால் போயிற்று என்று நினைத்துச் சேர்ந்தார். அறை வாடகை தகுதியைப்போல் இரு மடங்காகையால், மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. விகிதக் கழிவு என்று இதற்குப் பெயர். பாலிசியில் அச்சிட்டுத்தான் இருந்தது. பொருளியல் ஆசிரியரே படிக்கத் தவறிய பக்கத்தை மற்றவர் படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவின்மீது 18 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும் என்றும் அதே ஆண்டில் விதித்தது. இவை யாவும் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் அடிப்படை அப்படியே இருக்கிறது. காப்பீடு பில்லை யார் கட்டுவது என்பதைத் தீர்க்கிறது. பில் எவ்வளவு என்பதைத் தீர்ப்பதில்லை. “இன்சூரன்ஸ் இருக்கா?” என்ற கேள்வி, “என்ன செய்யுது?” என்ற கேள்விக்கு முன் வருமானால், பதிலுக்குத் தக்கபடி சிகிச்சை நீளவும் கூடும் என்ற ஐயம் எழுவது இயல்பு. மேலும், நம்மில் பலருடைய பணம் கரைவது அறுவை அரங்கில் மட்டுமன்று. மாதந்தோறும் மருந்துக்கடையில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாங்கும் மாத்திரைகளில், பரிசோதனைக் கூடங்களில். படுக்கையில் சேர்ந்தால்தான் பயன் என்னும் பாலிசிகள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் சொந்த நிலையையும் சொல்லிவிடுகிறோம். சுயநிதிக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவரின் ஊதியம் வாசகர்கள் அறியாததன்று. தொழிலாளர் ஈட்டுறுதியின் ஊதிய வரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைச் சில நூறு ரூபாயில் தாண்டிய ஆண்டில் அத்திட்டத்திலிருந்து வெளியேறினோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000இலிருந்து 1,20,000 ரூபாயாக 2022இல் உயர்ந்தது. அதற்கு நாம் பணக்காரர். அரசு ஊழியருக்கான காப்பீட்டுக்கோ நாம் அரசு ஊழியர் அல்லர். ஏழையுமல்லாத, காப்புமில்லாத இத்தகையோர் இந்திய மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. விடுபட்ட நடுவினர் என்று அவ்வறிக்கை இட்ட பெயரைத் தமிழாக்கலாம். யாரோ மறந்து விட்டதைப்போல ஒலிக்கிறது அப்பெயர். நாமே விலகி வந்ததும் அதில் ஒரு பகுதி என்பது நம் கருத்து. அதற்குப் பின்னர் வருவோம்.

நாட்டின் கணக்கைச் சற்றே பார்க்கலாம். தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013–14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்கள் நேரே தம் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021–22இல் அது 39.4 விழுக்காடு. இது சிறிய மாற்றமன்று. பெருந்தொற்றுக் காலத்தில் அரசுகள் வழக்கத்தை மீறிச் செலவிட்டன என்பதையும் நினைவில் கொண்டே அவ்வெண்ணைப் படிக்க வேண்டும். அந்த ஆண்டில் அரசின் மருத்துவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025க்குள் 2.5 விழுக்காட்டை எட்டுவோம் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதி கூறியிருந்தது. அதற்கும் முன்னால், விடுதலைக்கு ஓராண்டு முன்பே, 1946இல் போர் குழுவின் அறிக்கை ஒரு நெறியை வகுத்தது: பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது. பரிமேலழகர் சொன்ன முதல் இலக்கணத்தை நீக்கிய ஆவணம் அது. காகிதத்தில் நீங்கியது வாழ்வில் நீங்கவில்லை.

விலை என்பது விதியன்று. அதைக் குறைக்க முடியும். இதற்கு அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1994இல் பதிவாகி 1995 சனவரியில் பணி தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்வோம். முன்பு மருந்து வாங்குவதில் முறைகேடுகள் வெளிப்பட்ட பின்னர் பிறந்த நிறுவனம் அது. மாநிலம் முழுமைக்கும் தேவையான மருந்தை ஒரே கை, வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி வழியாக, வணிகப் பெயரில் அன்றி மருந்தின் பொதுப்பெயரிலேயே வாங்குகிறது. தரம் ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது. மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்கிறது, ரேஷன் அட்டையைப் போல. இதில் மேதைமை எதுவும் இல்லை; வீட்டுக்கு மளிகை வாங்கும் எந்தத் தாய்க்கும் தெரிந்த சூத்திரம்தான். பின்னர் கேரளமும் இராஜஸ்தானும் இதே வழியில் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இன்னொன்று இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும் வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் உச்சவிலையாக அறிவித்தது. அதற்கு முந்தைய வாரம் வரை அதே மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றது. ஓர் அரசாணையால் கரைந்துபோகக்கூடிய விலை, அதுவரை எதன் விலையாக இருந்தது? நோயாளியின் அச்சத்தின் விலை என்றே நாம் விடை கூறுவோம். ஒரு பொருளுக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தால் கட்டணம் வேறு தலைப்பில் தலைகாட்டும் என்ற மறுப்பு உண்மைதான். அறைக்கு ஒரு விலை, அறைக்கேற்ற அறுவைக்கு ஒரு விலை என்னும் முறையையே தொட வேண்டும் என்பதற்கு அம்மறுப்பு மேலும் ஒரு சான்று.

தனியாரிலும் வேறு வழிகள் இருந்தன. ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கொடுக்க முடிந்தவர் கொடுப்பதை வைத்தே கொடுக்க முடியாதவர்க்கும் சிகிச்சை தந்து வளர்ந்தது. விழிக்குள் வைக்கும் வில்லையை அயல்நாட்டு விலைக்கு வாங்க முடியாதபோது, 1992இல் ஆரோலேப் என்னும் அமைப்பைத் தொடங்கித் தானே செய்துகொண்டது. விலையைக் குறைத்தால் தரம் குறையும் என்பது இயற்கை விதியன்று என்பதற்கு இந்த ஊர்க்கதை போதும்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இன்னும் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வரலாம். காஞ்சிபுரத்துக்கு அருகில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையின் வரவு செலவு அதில் வெட்டப்பட்டிருக்கிறது. 15 படுக்கைகள், நோய் பார்க்க ஒரு மருத்துவர், அறுவைக்கு ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள், இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு அளக்க வேண்டிய நெல், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். வள்ளுவர் சொன்ன நான்கு அங்கங்களும் அங்கே உண்டு. ஐந்தாவதான பணத்தை நோயாளியின் மடியில் தேடாமல், நிலத்தின் விளைச்சலில் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது ஊரார் எல்லோருக்குமான சாலையன்று. அங்கிருந்த வேதக் கல்லூரியின் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் ஆனது. தம்மவர் என்று எண்ணியவர்களுக்கு மட்டும் செய்தார்கள். தம்மவர் யார் என்னும் வட்டத்தை எவ்வளவு பெரிதாகப் போடுகிறோம் என்பதுதான் அன்றும் இன்றும் கேள்வி.

இனி, ஒத்திவைத்த கருத்துக்கு வருவோம். அந்தச் சாலையில் அரசு மருத்துவமனையை நாங்கள் ஏன் கடந்து போனோம்? தரம் பற்றி விசாரித்து அறிந்தா? இல்லை. “ஜி.எச்.ல சேர்த்துட்டாங்களாம்” என்னும் சொல்லுக்கு எங்கள் தெருவில் உள்ள தொனிக்கு அஞ்சி. கௌரவத்துக்காக ஏழு பவுனை வைத்தோம் என்பதே உள்ளது உள்ளபடியான கணக்கு. எங்களைப்போல ஆசிரியர், எழுத்தர், சிறு வணிகர் என்று மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் நிமிர்ந்து பேசத் தெரிந்தவர்கள், செய்தித்தாளுக்குக் கடிதம் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் கடந்து போய்விட்டபின், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்காகக் குரல் கொடுக்க அங்கே யார் மிச்சம்? ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறை கண்டால் வெளியேறலாம், அல்லது உள்ளிருந்து குரல் எழுப்பலாம் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதினார். வெளியேறுவது எளிதாக இருக்கும்போது, உரக்கப் பேசக்கூடியவர்களே முதலில் வெளியேறுகிறார்கள். அரசுப் பள்ளிக்கு நேர்ந்தது இதுவே. அரசு மருத்துவமனைக்கும் இதுவே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை பொய்யல்ல. ஒன்பது நாள் காத்திருப்பு எலும்பு முறிந்தவருக்குச் சிறு துன்பமன்று. வயதானவர்க்கு ஆபத்தும் உண்டு. தள்ளுவதற்கு நூறு, கூட்டுவதற்கு ஐம்பது என்பது ஏழையின் மேல் விதிக்கப்பட்ட, எந்தச் சட்டமன்றமும் இயற்றாத வரி. கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுகிறோம். அம்மாவுக்கு உப்புச்சத்து குறைந்த இரவில் அரசு மருத்துவமனையில் இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்களா என்று மனைவி கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. ஆகவே, எல்லோரும் நாளையே தனியாரை விட்டுத் திரும்புங்கள் என்று உபதேசிக்க நமக்குத் தகுதியில்லை. ஏற்கெனவே இடமின்றித் தவிக்கும் ஏழையின் படுக்கையில் நாமும் போய்ப் பங்கு கேட்பதா என்ற கேள்வியும் நியாயமானதே.

ஆனால் இந்தக் குறைகள் அனைத்தும் பணத்தாலும் கண்காணிப்பாலும் தீரக்கூடியவை. கூடுதல் அறுவை அரங்கு, கூடுதல் மயக்க மருத்துவர், நிரந்தர ஊதியமுள்ள வார்டு ஊழியர், தண்ணீர் வரும் குழாய். காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் செய்த சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைகளும் தொகை பெறுகின்றன. அண்ணனின் அறுவைக்கான தொகை அதே மருத்துவமனையின் கட்டிலாகவும் மின்விசிறியாகவும் மாற முடியும். அதே தொகை தனியாருக்குப் போனால் அங்கே கண்ணாடிக் கதவாகிறது. எங்கே போக வேண்டும் என்று கேட்கும் உரிமை வரி கட்டும் நம் எல்லோருக்கும் உண்டு. தனியாரிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அறையைப் பொறுத்து அறுவைக் கட்டணம் மாறாத ஒற்றை விலை, வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. விலைப்பட்டியல் இல்லாத கடைக்கு நாம் ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தலைவணங்கி நிற்கிறோம்?

சிறிய அளவில் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் தெருவுக்கு வரும் பணியாளர் ஒருவர், வாசலில் தடியூன்றி நின்ற அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரையை இங்கேயே தருகிறோமே என்றார். அம்மா எங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டார். மாதம் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மருந்துக்கடையில் வாங்கியது நின்றது. முதலில் எங்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. அந்த மாத்திரை கேட்குமா என்று மருத்துவரிடம் இரகசியமாக விசாரித்தோம். அதே மருந்துதான் என்றார். ஒருமுறை மாத்திரை இரண்டு வாரம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனு எழுதினோம். நமக்கு மட்டுமன்றி, பட்டியலில் இருந்த முப்பத்தொரு பேருக்கும் சேர்த்தே எழுத நேர்ந்தது. அடுத்த வாரம் வந்தது.

அந்த மனுவை எழுதும்போது ஓரிடத்தில் பேனா நின்றது. நாங்கள் என்று எழுதுவதா, நாம் என்று எழுதுவதா? தமிழில் இரண்டும் ஒன்றல்ல. முன்னிலையாரை விலக்கிச் சொல்வது நாங்கள். உளப்படுத்திச் சொல்வது நாம். பணம் கட்டும் சாளரத்தின் முன் ஒவ்வொரு குடும்பமும் நாங்களாகவே நிற்கிறது, தன் சங்கிலியோடும் தன் நோட்டோடும். நோயாளி பொருளுடையவனாய் இருக்க வேண்டும் என்ற பழைய இலக்கணம் அங்கே நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் பொருளை ஒருவன் மடியிலிருந்து எடுத்து எல்லோருடைய மடியிலும் வைப்பதற்கு வரி என்றும் அரசு மருத்துவமனை என்றும் பெயர். மனுவில் கடைசியாக எழுதியது நாங்கள் என்றுதான். அதிகாரிக்கு எழுதும் மரபு அது. ஆனால் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனபோது, தெருக்கோடியில் இருந்த மூதாட்டி மைதொட்ட பெருவிரலை வைத்துவிட்டு, “நம்ம மாத்திரை வருமா தம்பி?” என்று கேட்டார்.

சங்கிலி இன்னும் மீளவில்லை. வரும் தையில் மீட்டுவிடலாம் என்றிருக்கிறோம்.